வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பாட்காஸ்ட்: எங்கள் வீட்டில் நிலைத்தவை

எங்கள் வீட்டில் இரண்டு பேர், மூத்தவளுக்கு 11, சின்னவனுக்கு 7, இருவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டில்தான் படிக்கிறார்கள். எந்த பாட்காஸ்ட் (இணையத்தில் வேண்டும்போது போட்டுக் கேட்கும் ஒலி நிகழ்ச்சி) போடலாம் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எழுதுகிறார்கள். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. ஆரம்பத்தில் ஆறு மாதம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு எபிசோட் ஓடும், பிள்ளைகள் படம் வரைந்துகொண்டே கேட்பார்கள், நானும் அறிவியல் பாடம் முடிந்தது என்று குறித்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். ஒரு நாள் சாயங்காலம், காலையில் என்ன கேட்டீர்கள் என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றார்கள், அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அன்றைக்கே மாற்றினோம். வாரத்துக்கு இரண்டு எபிசோட் போதும், நானும் கூடவே உட்கார வேண்டும், முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. வீட்டுக்கல்விக்காரர்கள் நிறைய பேர் பின்பற்றும் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் சொன்ன வழிதான், ஒரே முறை வாசித்துக் காட்டி உடனே சொல்லச் சொல்வது. காதால் கேட்பதற்கு அது அப்படியே பொருந்துகிறது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகள் தமிழில் திருப்பிச் சொல்வார்கள். அப்போதுதான் எது புரிந்தது, எது வெறும் சத்தமாகக் காதில் விழுந்தது என்று பட்டென்று தெரிகிறது.

சரி, நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். அறிவியலுக்கு என் முதல் தேர்வு 'பிரெய்ன்ஸ் ஆன்'. 2012-இல் தொடங்கிய அமெரிக்க நிகழ்ச்சி. மாலி ப்ளூம் என்ற தொகுப்பாளரோடு ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை சேர்ந்து தொகுத்து வழங்கும். அதைவிட, நடுவில் மர்ம ஒலி என்று ஒரு பகுதி வரும் பாருங்கள், அதற்காகவே இதைப் போடலாம். ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டு, இது என்ன என்று கேட்பார்கள். அந்த இடத்தில் நாங்கள் நிறுத்திவிடுவோம். ஆளுக்கு ஒரு யூகம், யூகத்துக்கு ஒரு காரணம். உலோகமா மரமா, பக்கத்திலா தூரத்திலா, உயிருள்ளதா இயந்திரமா என்று பத்து நிமிடம் வாக்குவாதம் நடக்கும். ஒரு முறை சின்னவன் "இது ஒரே வேகத்துல வருது, அதனால மிருகமா இருக்காது" என்றான். விடை தப்பு. ஆனால் ஏழு வயதில் காரணம் கோத்து யோசிக்க இதைவிட நல்ல பயிற்சியை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

அடுத்தது 'பட் வை'. வெர்மான்ட் மாநிலப் பொது வானொலியில் ஜேன் லிண்ட்ஹோம் 2016-இல் தொடங்கியது. உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் கேள்வியைப் போனில் பதிவு செய்து அனுப்புவார்கள், விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். கேள்வியை அந்தப் பிள்ளையின் குரலிலேயே கேட்கும்போது இவர்களுக்கும் கேட்கத் தைரியம் வந்துவிடுகிறது. சின்னவன் ஒரு கேள்வி அனுப்ப ஆசைப்பட்டு, அதை ஒரே வாக்கியத்துக்குள் அடக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்தான், அழித்து அழித்து எழுதினான். அன்றைய மொழிப்பாடம் அதுதான்.

கதைக்கு 'சர்க்கிள் ரவுண்ட்'. பாஸ்டனின் டபிள்யூபியூஆர் வானொலி தயாரிப்பது, பல நாட்டு நாட்டுப்புறக் கதைகள், 10 முதல் 20 நிமிடம். பின்னணியில் ஒரு வாத்தியத்துக்கு முக்கிய இடம் இருக்கும், அந்த வாத்தியம் என்ன என்று தேடுவதே எங்கள் இசை வகுப்பு. 2017-இல் வந்த 'வாவ் இன் தி வேர்ல்ட்' சின்னவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். புதிய ஆராய்ச்சிச் செய்திகளைக் கற்பனைக் கூத்தோடு கலந்து சொல்வார்கள். அதனால் முடிந்ததும் எது நிஜம், எது கற்பனை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள், அது தனிப் பயிற்சி.

மூத்தவளுக்கு 'ஸ்மாஷ் பூம் பெஸ்ட்', பிரெய்ன்ஸ் ஆன் குழுவின் விவாத நிகழ்ச்சி. இரண்டு பொருளை மோதவிட்டு, ஒரு பிள்ளை நடுவராக இருந்து மதிப்பெண் போடும், போலி வாதம் எப்படி இருக்கும் என்றும் காட்டிக்கொடுப்பார்கள். இப்போது என் வாதத்திலேயே ஓட்டை கண்டுபிடிக்கிறாள்! பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேல் என்றால் பிபிசியின் 'இன் அவர் டைம்'. 1998 முதல் வருகிறது, ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். நான் பாடம் தயார் செய்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.

குறைகளும் உண்டு. இலவச நிகழ்ச்சிகள் பலவற்றில் விளம்பரத்தைத் தொகுப்பாளரே அதே குரலில் வாசிக்கிறார், ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாடம் எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்று தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில் கடலோடி ஒருவர் ஒரு நாட்டைக் "கண்டுபிடித்த" கதை இருபது நிமிடம் ஓடியது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகள்தான் கேட்டாள், "அங்க இருந்தவங்களுக்கு அது தெரியாதாம்மா?" என்று. அடுத்த இரண்டு வாரம் அதைப் பற்றியே புத்தகங்கள் படித்தோம். எனவே வரலாறு என்றால் நீங்கள் முதலில் ஒரு முறை கேட்டுவிட்டுப் போடுங்கள். கணக்குக்குப் பாட்காஸ்டை நம்பவே வேண்டாம். புதிர் கேட்கலாம், பின்னத்தைக் காதால் கற்க முடியாது.

செயலியைப் பொறுத்தவரை ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் எனக்குப் போதும். திறந்த மூலம் (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்), விளம்பரம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். முன்கூட்டியே பதிவிறக்கி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்பீக்கரில் விடுகிறேன், திரை யார் கண்ணிலும் படாது. உச்சரிப்பு புரியவில்லை என்றால் வேகத்தை 0.8 ஆக்குங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் 2024 முதல் எழுத்து வடிவமும் வருகிறது, மூத்தவள் அதிலிருந்து புதுச் சொற்களை எடுத்து எழுதுகிறாள். அப்புறம், சில நாடுகளில் வீட்டுக்கல்விக்குப் பதிவேடு கேட்பார்கள். தேதி, எபிசோட் பெயர், பிள்ளை திருப்பிச் சொன்னதில் நான்கு வரி, இவ்வளவையும் அன்றன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு சர்க்கிள் ரவுண்ட் கதையில் தொடங்கலாம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, இனி என்ன நடக்கும் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் மிச்சத்தைக் கேட்க அரை மணி நேரம் ஆனது, அதுவரை இருவரும் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.