மெடிகேரில் எடை குறைப்பு: அறுவை சிகிச்சையா, ஊசியா?

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும். எடை குறைய ஊசி கேட்டால் மட்டும் கையை விரித்து வந்தது. 2003-ல் வந்த சட்டம், பார்ட் டி மருந்துத் திட்டத்திலிருந்து எடை குறைப்பு மருந்துகளை விலக்கிவிட்டது.

அறுவை சிகிச்சைக்கு விதிகள் தெளிவு. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35-க்குக் குறையக் கூடாது, சர்க்கரை நோய் போல பருமனோடு ஒட்டிய நோய் ஒன்றாவது வேண்டும், வேறு சிகிச்சை பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

ஊசி விஷயம்தான் வேடிக்கை. ஓசெம்பிக், வெகோவி என்ற இரண்டு ஊசிகளிலும் இருப்பது செமாக்ளூடைட் என்ற ஒரே மருந்து. சர்க்கரைக்கு என்றால் ஓசெம்பிக் கிடைக்கும். 2024 மார்ச்சிலிருந்து, ஏற்கெனவே இதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு வெகோவியையும் தரலாம். அதே ஆண்டு டிசம்பரில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் பருமனானவர்களுக்கு செப்பவுண்ட் என்ற இன்னொரு ஊசி அனுமதி பெற்றது. ஆக, சீட்டில் எழுதும் நோயின் பெயர்தான் கதவைத் திறக்கிறது. முழங்கால் வலியோடு பிஎம்ஐ 32-ல் இருப்பவருக்கு இரண்டு கதவும் மூடித்தான் கிடந்தன. 2025 நவம்பரில் வெள்ளை மாளிகை ஊசிக்கான விதியைத் தளர்த்துவதாக அறிவித்தது; தகுதியுள்ள நோயாளி மாதம் 50 டாலர் கட்டினால் போதுமாம்.

சரி, எது மேல்? அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனாலும் எழுபதைத் தாண்டிய இதய நோயாளி என்றால், மயக்க மருந்து, கத்தி என்று போகுமுன் ஊசியைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். தசை கரையாமலிருக்கப் புரதமும் உடற்பயிற்சியும் இரண்டுக்குமே தேவை.