லெவோதைராக்சின் மாத்திரை: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

தைராய்டு சுரப்புக் குறைபாட்டிற்காக லெவோதைராக்சின் மாத்திரையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உட்கொண்டு வருகிறேன். எனக்கு இருப்பது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். சேதமடைந்த சுரப்பியை மாத்திரை சரிசெய்வதில்லை, அது சுரக்க வேண்டிய ஹார்மோனை நாள்தோறும் வெளியிலிருந்து தருகிறது என்று மருத்துவர் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். ஆதலால், ‘ஆயுள் முழுக்க மாத்திரையா?’ என்று உறவினர்கள் வருந்தியபோது எனக்குக் கலக்கம் ஏற்படவில்லை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர் இதே சுரப்புக் குறைபாடு முற்றிய பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார், அவர் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன்பு இக்குறைபாடு முற்றியவர்களுக்குக் கொடுக்க மருந்தே இருக்கவில்லை.

மாத்திரை தொடங்கியதும் உடனே மாற்றம் தெரிந்துவிடாது. இம்மருந்தின் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், இரத்தத்தில் அதன் அளவு நிலைபெறப் பல வாரங்கள் வேண்டும். ஆகவேதான், அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் இது தாழும்) பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் விலகியவை பகல் தூக்கமும் மலச்சிக்கலும்தான். தோல் வறட்சி மெல்லக் குறைந்தது, முடி உதிர்வு நிற்க இன்னும் நெடுநாள் ஆயிற்று. உடல் எடை சிறிதளவே இறங்கியது. இக்குறைபாட்டினால் ஏறும் எடை பொதுவாகக் குறைவே என்பதும், அதில் பெரும்பங்கு உடலில் தேங்கும் உப்பும் நீரும் என்பதும் தெரிந்திருந்தால் பலருக்கு ஏமாற்றம் இராது.

இம்மருந்தின் பலன் அதை உட்கொள்ளும் முறையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக உட்கொள்ள வேண்டும். விழித்தவுடன் காபி குடித்துப் பழகிய நம் வீடுகளில் இதுதான் கடினமான பகுதி. காபி இம்மருந்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கும். விடியலில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாசல் வேலையும் குளியலும் முடிந்த பிறகே காபி என்று நான் வழக்கப்படுத்திக்கொண்டேன். காலையில் இயலாதவர்கள், இரவு உணவுக்கு மூன்று மணி நேரத்திற்குப் பின் உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் பெண்கள் நம்மிடையே மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் என்னும் வைட்டமின், இரத்தப் பரிசோதனையின் முடிவையே பிறழச் செய்யக்கூடியது. அதைப் பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

தைராய்டுக்கு ஆகாது, முட்டைக்கோஸைத் தொடவே கூடாது என்று எனக்கும் பலர் சொன்னார்கள். வழக்கமான அளவில் சமைத்து உண்பதால் எனக்கு எந்த மாற்றமும் நேரவில்லை. ஒருமுறை அளவு கூட்டப்பட்டபோது படபடப்பும் கைநடுக்கமும் வந்தன, பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருந்ததால் மருத்துவர் அளவைக் குறைத்தார். அளவு மிகுந்த நிலை நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும், எலும்பும் தேயக்கூடும் என்பதால், எடை குறைய வேண்டும் என்று தாமாகவே கூடுதல் மாத்திரை போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

புட்டியை அடுப்படியின் வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைக்கிறேன். ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே தொடர்ந்து வாங்குகிறேன். விலையும் சுமையாக இல்லை.

கருத்தரித்த பெண்கள் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருப்பதால், பெரும்பாலோருக்கு அப்போது மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.