இருமலுக்கு முந்தைய இரண்டு நொடி: இருமலை அடக்கும் பயிற்சியில் ஒன்றரை வருட அனுபவம்

மூன்று வருடம் வறட்டு இருமலோடு வாழ்ந்தேன். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மிளகாய் தாளிக்கும் நெடி, ஊதுபத்தி, போகிப் புகை, சில நாட்களில் இரண்டு நிமிடம் போனில் பேசினாலே போதும். தொண்டையில் பஞ்சு உரசுவதுபோல ஓர் அரிப்பு எழும், அடுத்த கணம் இருமல். கொரோனாவுக்குப் பிறகு தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் இருமினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். சபாக்களில் வாசலை ஒட்டியே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு கச்சேரிக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தன. எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு இருமலைத் தரும் என்பதால் அதையும் மாற்றினார்கள். ஒரு மருத்துவர், எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி ஐந்தாவது சிரப்பை எழுதிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொரு நுரையீரல் மருத்துவர்தான் பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) அனுப்பினார். இருமலுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று தயங்கிக்கொண்டேதான் போனேன். 8 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலில் பல நேரம் தொண்டை நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும் அளவுக்குக் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. ஒவ்வொரு இருமலும் குரல்வளையை உரசி அடுத்த இருமலுக்கு வழி செய்கிறது என்று அந்த அம்மா விளக்கினார். ஆஸ்திரேலியாவில் 87 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்ததாம். பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 14 சதவீதம்.

பயிற்சி இதுதான். அரிப்பு எழுந்ததும் வாயை மூடி, மல்லிகையை முகர்வதுபோல மூக்கால் சட்டென இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். உடனே எச்சிலை அழுத்தி விழுங்க வேண்டும், அல்லது ஒரு மிடறு தண்ணீர். இருமல் இல்லாத நேரத்திலும் பழகினால்தான் தேவைப்படும்போது உடம்பு கேட்கும். செருமுவதையும் நிறுத்தச் சொன்னார். நாள் முழுக்கச் செருமிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. காபி மூன்றிலிருந்து ஒன்றானது.

முதல் இரண்டு வாரம் தோல்விதான். மூன்றாவது அமர்வுக்குப் பிறகு ஒரு காலை, ரசத்துக்குத் தாளிக்கும்போது அரிப்பு வந்தது. அடுப்பை அணைத்து, முகர்ந்து, விழுங்கி நின்றேன். அடங்கியது. கரண்டியைப் பிடித்த கை நடுங்கியது.

மொத்தம் நான்கு அமர்வுகள். இருமல் அடியோடு போகவில்லை; மழைக்காலக் காய்ச்சலில் திரும்பி வந்தது, மறுபடி பழகினேன். ஆனால் சளியில் ரத்தம், மூச்சிரைப்பு, எடை குறைவு, விடாத காய்ச்சல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். காசநோயையும் ஆஸ்துமாவையும் இந்தப் பயிற்சி குணப்படுத்தாது.

போன மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் நடுவரிசையில் டிக்கெட் வாங்கினேன். கீழ் ஸ்தாயியில் ஆலாபனை, அரங்கமே அமைதி. அரிப்பு எழுந்தது. முகர்ந்தேன், விழுங்கினேன். மங்களம் வரை உட்கார்ந்திருந்தேன்.