சென்டினல்-2: மீத்தேன் கசிவைத் தேட இந்தப் படங்கள் போதுமா?

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் மீத்தேனுக்கென்று செய்த கருவி அல்ல. நிலத்தைப் படமெடுக்கப் போன அதன் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகள் (கருவி தனித்தனியாகப் பதியும் அலைநீள வரம்புகள்) இரண்டு இந்த வேலைக்கும் ஒத்துவருகின்றன, அவ்வளவுதான். மீத்தேன் இருந்தால் பி12 (சுமார் 2190 நானோமீட்டர்) நன்றாக மங்கும்; பி11 (சுமார் 1610) லேசாக மங்கும். இரண்டிலும் பிக்சல் 20 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிக் கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் இணையதளத்தில் பதிவு செய்தால் படங்கள் இலவசம்.

வளிமண்டலத் திருத்தம் செய்யாத எல்1சி கோப்புகளையே எடுங்கள். திருத்திய வகையான எல்2ஏ-வில் வளிமண்டலத்தின் பாதிப்பைக் கழித்துவிடுகிறார்கள். நாம் தேடுவதோ அதைத்தான். செயலாக்கப் பதிப்பு 04.00 முதல், பிக்சலில் உள்ள எண்ணிலிருந்து 1000 கழித்த பிறகே, ஒளிப் பிரதிபலிப்பைப் பெற 10000-ஆல் வகுக்க வேண்டும். படத்தின் தேதியை நம்பாதீர்கள், பதிப்பு எண்ணைப் பாருங்கள்: பழைய படங்களும் மறுசெயலாக்கம் ஆகி வருகின்றன.

கணக்கு எளிது. படம் முழுவதற்கும் பி12-ஐ பி11-உடன் பொருத்தும் ஒரு பெருக்கெண்ணைக் கண்டுபிடித்து, அதால் பி12-ஐப் பெருக்கி, பி11-ஐக் கழித்து, பி11-ஆல் வகுக்கவும். கசிவு இல்லாத ஒரு நாளுக்கும் இதையே செய்து கழித்தால் தரையின் சாயல் பெரும்பாலும் போய்விடும். அந்த நாள் அதே சுற்றுப்பாதையில், சில வாரங்களுக்குள் இருக்கட்டும். பார்வைக் கோணம் மாறினால் தரையே கசிவுபோல் தெரியும்.

ஏமாற்றுபவை ஏராளம். மழை நனைத்த மண், புதிதாகப் போட்ட சாலை, சில கூரைகள், மேக விளிம்பு. பட்டைகள் ஒரே நொடியில் பதிவாவதில்லை என்பதால் மேக விளிம்பில் இருண்ட-வெளிர் ஜோடி ஒன்று முளைக்கும். உண்மையான கசிவு ஒரு புள்ளியில் அடர்த்தியாகத் தொடங்கி, காற்றுப் போகும் பக்கம் வால்போல் நீளும்.

துருக்மெனிஸ்தான், அல்ஜீரியா போன்ற வெளிச்சமான பாலை எண்ணெய் வயல்களில் மணிக்குச் சுமார் 1 முதல் 3 டன் அளவுள்ள சிறு கசிவைக்கூடப் பிடிக்கும். விளைநிலம், காடு, நகரம் என்றால் அதைவிடப் பெரியது வேண்டும். நெல்வயல், சதுப்புநிலத்துக்கு வீண்.

கசிவின் அளவைச் சொல்வதில்தான் பலவீனம். அளவைக் கணக்கிடும் சூத்திரத்தில் காற்றின் வேகம் நேரடியாகப் பெருக்கப்படுவதால், அதில் பாதி பிழை என்றால் விடையிலும் ஏறக்குறைய பாதி பிழை. ஒற்றை எண்ணாக விடை தரும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

தனியாக இதைக்கொண்டு உலகைத் துழாவுவது வீண் உழைப்பு. சென்டினல்-5பி என்ற மற்றொரு செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி என்ற வாயு அளக்கும் கருவி அன்றாடம் உலகைப் பார்க்கிறது, பிக்சல் 5.5க்கு 7 கிலோமீட்டர் என்பதால் வட்டாரத்தை மட்டும் காட்டும். எந்தக் குழாய், எந்தக் கிணறு என்று அதற்குள் தேடச் சென்டினல்-2 சரி. தடம் மீத்தேன்தானா என்ற சந்தேகம் தீராவிட்டால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள, 285 பட்டைகள் கொண்ட நாசா கருவியான எமிட் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறதா என்று தேடுங்கள்.