அங்கோஸ்டுரா ஆலை: ரம்மை விட பிட்டர்ஸுக்காகப் போகலாம்

நான் டிரினிடாட்டில் பாயிண்ட் லிசாஸ் மெத்தனால் ஆலையில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க டிஸ்டிலேஷன் காலம் எனப்படும் உயரமான வடிப்புக் கோபுரங்களோடுதான் குடித்தனம். லீவு போட்டுவிட்டுப் போய் அதையேதான் பார்க்க வேண்டுமா என்று எனக்கு அலுப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கோ சாராய ஆலைக்குள் கால் வைப்பதே சங்கடம். என் மனைவிதான் அங்கோஸ்டுரா ரம் ஆலைக்கு முன்பதிவு செய்துவிட்டு, "அங்கே பட்டாம்பூச்சி மியூசியம் இருக்கு அத்தை" என்று சொல்லி அம்மாவைக் கிளப்பினாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் விளிம்பில், லாவண்டிலில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் மால்கம் பார்கன்ட் என்பவர் சேகரித்த 5000க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. மார்போ என்ற பட்டாம்பூச்சியின் நீலம் நாம் நகர நகர மாறுகிறது. அது சாயம் இல்லை, இறக்கைச் செதில்களில் ஒளி படும் விதம். ரம் கம்பெனியில் இது எதற்கு என்று கேட்கக்கூடாது. அம்மா அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

காலம்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இங்கே செம்புப் பானை வைத்துக் காய்ச்சும் பழைய முறை கிடையாது. உயரமான எஃகு காலம்களில் இடைவிடாமல் ஓடும் தொடர் வடிப்புதான். எங்கள் பிளான்ட்டில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அழகான செம்புப் பானையோடு செல்ஃபி எடுக்க நினைப்பவர்கள் வேறு தீவுக்குப் போகலாம்.

என்னை யோசிக்க வைத்தது மொலாசஸ்தான், அதாவது கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகு. வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி வாசனை. ரம்முக்கு ஆதாரமே அதுதான். ஆனால் இன்று அது கப்பலில் வெளியிலிருந்து வருகிறது. 1845 முதல் 1917 வரை நம் நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து கரும்பு வெட்டவைத்த தீவு இது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த வடக்கத்தியர்கள். மதராஸ் துறைமுகத்தில் ஏறிய நம்மவர்களும் உண்டு. அரசின் கரோனி சர்க்கரை நிறுவனம் 2003-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகு சில வருடங்களில் சர்க்கரைத் தொழிலே நின்றுவிட்டது. நான் குடியிருக்கும் கூவாவைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்புக் காடுதான். கரும்பு போய்விட்டது, ரம் மட்டும் நிற்கிறது. இந்த ஆலைக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

அப்புறம் ரம்மைப் பழுக்க வைக்கும் பீப்பாய்கள். போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் அங்கே ஒருமுறை பயன்படுத்தியது இங்கே வந்து சேர்கிறது. இந்த வெக்கையில் சரக்கு வேகமாகப் பழுக்கும், அதே வேகத்தில் ஆவியாகியும் போகும். இவர்களுடைய '1919' ரம்முக்கு ஒரு கதை இருக்கிறது. 1932-ல் அரசு ரம் கிடங்கு தீப்பிடித்தது. தப்பிய பீப்பாய்களை ரம் கம்பெனி நடத்திய ஜே.பி. பெர்னாண்டஸ் வாங்கினார். அவை 1919-ல் நிரப்பியவை, ருசியோ பிரமாதம். அந்தப் பெர்னாண்டஸ் கம்பெனியையே 1973-ல் அங்கோஸ்டுரா வாங்கிக்கொண்டது.

சரி, காக்டெயிலில் சில சொட்டு விடும் கசப்பு மூலிகைச் சாறான பிட்டர்ஸுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். ஜோஹான் சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் வெனிசுவேலாவில் விடுதலைத் தளபதி சிமோன் பொலிவாரின் படையில் சர்ஜனாக இருந்தவர். வீரர்களின் வயிற்றுக் கோளாறுக்காக 1824-ல் இதைத் தயாரித்தார். ஊர் பெயர் அங்கோஸ்டுரா, இன்றைய சியுடாட் பொலிவார். அவர் இறந்த பிறகு, 1870களில் மகன்கள் தொழிலை டிரினிடாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கோஸ்டுரா என்றே ஒரு மரப்பட்டையும் உண்டு, ஆனால் அது இதில் சேருவதில்லை. பெயர் ஊரிலிருந்து வந்தது, அவ்வளவுதான். செய்முறை ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும் என்பது கம்பெனியின் கணக்கு.

பாட்டிலைக் கையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மூடி. கழுத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் வெள்ளைக் காகிதம், அதில் பொடி எழுத்து. ஒரு போட்டிக்காக சீகர்ட்டின் மகன்களில் ஒருவர் பாட்டிலையும் இன்னொருவர் லேபிளையும் தனித்தனியாகச் செய்து, அளவு பொருந்தாமல் போனதாம். தோற்றாலும் இதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நடுவர் சொன்னாராம். நிஜமோ கதையோ, கடை அலமாரியில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது.

அம்மாவின் உள்ளங்கையில் மூன்று சொட்டு விட்டார்கள். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். கிராம்பு இருக்கு, பட்டை இருக்கு, அடியில் ஏதோ கசப்பு வேர் இருக்கு என்று வரிசையாகச் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "கஷாயம் காய்ச்சுற இடம்னு சொல்லியிருந்தா அப்பவே சந்தோஷமா வந்திருப்பேனேடா" என்றார். வழிகாட்டிப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். கசப்பு வேர் ஜென்ஷன். கம்பெனி பெயர் சொல்லும் மூலிகை அது ஒன்றுதான். பாட்டிலில் 44.7 சதவீதம் ஆல்கஹால் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் இதைக் காக்டெயிலுக்கு மட்டும் வைத்திருப்பதில்லை. கோழி ஸ்ட்யூவில் ஊற்றுவார்கள், கிறிஸ்துமஸ் பிளாக் கேக்கில் சேர்ப்பார்கள், விக்கல் வந்தால் எலுமிச்சைத் துண்டில் விட்டுச் சப்புவார்கள். குடிக்காதவர்களுக்கு எல்.எல்.பி. இருக்கிறது. எலுமிச்சை, லைம், சோடா, மேலே சில சொட்டு பிட்டர்ஸ். வெயிலுக்கு அதை விட்டால் வேறில்லை.

கடைசியில் ருசி பார்க்கும் கட்டம். 1919-ல் வெனிலா வாசனை தூக்கலாக இருக்கிறது, ஐஸ் இல்லாமல் மெதுவாகக் குடிக்கலாம். '1824' என்ற இன்னொரு ரம் இன்னும் கனமானது, விலையும் அப்படியே. எனக்கு 1919 போதும். சோடாவோடு கலக்க உள்ளூர்க்காரர்கள் கை நீட்டுவது வெள்ளை ரம்மான ஒயிட் ஓக் பக்கம்தான்.

நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது, முன்பதிவு அவசியம். ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கார் ஓட்டுபவர் எல்.எல்.பி.யோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஊருக்கு வாங்குவதாக இருந்தால் பெரிய பிட்டர்ஸ் பாட்டிலே எடுங்கள், வருடக்கணக்கில் கெடாது. பார்க்க ஆசையாக இருக்கும் ஃபாரஸ் பார்க் பன்சன் ரம்மை மட்டும் வாங்கிவிட வேண்டாம். அது 75 சதவீதம் ஆல்கஹால். 70-க்கு மேல் போனால் விமானத்தில் கைப்பையிலும் ஏற்ற மாட்டார்கள், பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள்.