90 மி.மீ. என்று வாங்கிய டெலஸ்கோப்பில் 54 தான் இருந்தது

டெலஸ்கோப் ஆர்டர் போட்டிருப்பவர்கள், பெட்டி வந்த அன்றே கீழே சொல்லும் டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். நான் செய்யாமல் விட்டதற்கு விலை 13,500 ரூபாய்.

2025 செப்டம்பர் 7 ராத்திரி சந்திர கிரகணத்தை மகளோடு மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். மறுநாளே டெலஸ்கோப் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். சரி என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததில் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பார்க்காதே, அபெர்ச்சரைப் பார், அதாவது வெளிச்சத்தை உள்ளே வாங்கும் முன்லென்ஸின் விட்டத்தை. லென்ஸின் விட்டம் இரட்டித்தால் உள்ளே வரும் வெளிச்சம் நாலு மடங்கு, நெருக்கமாக இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்டும் திறனும் கூடும். அதனால் 70, 80 எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கிட்டத்தட்ட அதே விலையில் 90 மி.மீ. ரிஃப்ராக்டர் (கண்ணாடிக்குப் பதில் லென்ஸால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்) கிடைக்கிறதே என்று சந்தோஷமாக வாங்கினேன்.

பெட்டியில் '450 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 600 மி.மீ. குவியத் தூரத்துக்கு 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) போட்டால் 150, அதில் 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) மாட்டினால் 450. கணக்கு சரிதான், ஆனால் அபெர்ச்சரில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் போனால் படம் கலங்கிவிடும், அதாவது 90-க்கு 180 தான் எல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். விளம்பரம் என்றால் நாலு பொய் இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன்.

பெட்டி வந்த நாளில் இருந்து தாம்பரத்தில் தினமும் சாயங்காலம் இடியும் மழையும். டெலஸ்கோப் வாங்கினால் மேகம் கூடவே வரும் என்று இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள், எனக்குத்தான் அது வேடிக்கையாக இல்லை, ஏனென்றால் திருப்பி அனுப்பக் கெடு 7 நாள்.

கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து வானம் விட்டது. சனிக் கோளைப் பிடித்தேன், ஊதாக் கரையோடு ஒரு மஞ்சள் உருண்டை, வளையத்தைக் காணோம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "சார், இந்த வருஷம் வளையம் யாருக்குமே தெரியாது சார்" என்கிறார்கள். இதில்தான் நான் மயங்கினேன், பாதி உண்மை. 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது, செப்டம்பரிலும் சாய்வு மிகக் குறைவுதான், அதனால் மெல்லிய கோடாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பத்து வருஷமாக வைத்திருக்கும் 70 மி.மீ. டெலஸ்கோப்பில் அதே ராத்திரி ஊசி குத்தியது மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

"தம்பி, அபிஜித்துக்குப் பக்கத்துல அந்த ரெட்டை ரெட்டையைப் பாருங்க" என்றார். அபிஜித் என்பது வேகா நட்சத்திரம், அவர் சொன்னது அதே லைரா நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் எப்சிலான் லைரே. பைனாகுலரில் இரண்டாகத் தெரியும், நல்ல சிறு டெலஸ்கோப்பில் அந்த இரண்டும் தனித்தனியே மறுபடி இரண்டாகப் பிரியும், இடைவெளி சுமார் 2.3 ஆர்க் விநாடி (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு). 116-ஐ மி.மீ. அபெர்ச்சரால் வகுத்தால் எத்தனை ஆர்க் விநாடி நெருக்கம் வரை பிரியும் என்று தெரியும்: 90-க்கு 1.3, 70-க்கு 1.7. அவருடையதில் நாலு நட்சத்திரம் இருந்தன. என்னுடையதில் இரண்டு கொழுக்கட்டை.

அப்புறம் அவர்தான் டார்ச் சோதனையைச் செய்து காட்டினார். 25 மி.மீ. மாதிரி பெரிய ஐபீஸைப் போட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஒன்றை ஃபோகஸ் செய்யுங்கள். நட்சத்திரமே வேண்டும் என்றில்லை, பகலில் தூரத்து செல்போன் டவர் போதும், அதனால் மழை நாளிலும் செய்யலாம். ஃபோகஸைத் தொடாமல் இருட்டறைக்குக் கொண்டுபோய், ஐபீஸுக்கு ஒரு சாண் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து, முன் லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளில் விழும் வட்டம்தான் உங்கள் நிஜ அபெர்ச்சர். எனக்கு விழுந்தது 54.

முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தோம். லென்ஸுக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் வளையம், நடுவில் 45 மி.மீ. ஓட்டை. உள்ளே போகப் போக ஒளி குறுகும் என்பதால் அந்த 45 முன்லென்ஸில் 54-க்குச் சமம். 90 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் வெளிச்சத்தில் 36 சதவீதம்தான் கண்ணுக்கு வருகிறது, மீதிக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். வளையத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து எடுத்தும் பார்த்தேன். நிலா ஊதா நிறத்தில் கரைந்தது. மட்டமான லென்ஸின் ஓரத்தை மறைக்கத்தான் அந்த வளையமே.

மறுபடி போன் செய்தேன். "லென்ஸை ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க சார், 90 இருக்கும்." இருக்கிறது, மறுக்கவில்லை. வளையத்தின் படத்தை அனுப்பியதும் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அவர்களிடமே இன்னொன்று வாங்க! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், டார்ச் வட்டத்தை ஸ்கேலோடு எடுத்த போட்டோவையும் சேர்த்து. இதுவரை பதில் இல்லை.

இன்னொன்று, அந்தப் பெட்டியில் ஐபீஸில் திருகிப் போடும் 'சன் ஃபில்டர்' ஒன்றும் வந்தது. உங்களுக்கும் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

வளையத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். 24 மடங்கில் நிலாவுக்குப் பரவாயில்லை, மகள் பள்ளங்களை நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள்.