பிபிஎஃப்: 15 வருஷம் ஓட்டி முடிச்சவனோட ரிவ்யூ

2010 ஜனவரில ஆரம்பிச்ச பிபிஎஃப் (அரசாங்கத்தோட நீண்ட காலச் சேமிப்புத் திட்டம்) கணக்கு 2025 ஏப்ரல் 1-ல மெச்சூர் ஆச்சு, அதாவது அதோட காலம் முடிஞ்சுது. ரிவ்யூ போடுற அளவுக்கு இது ஒண்ணும் ஃபோன் இல்லதான், ஆனா 15 வருஷமா நான் விடாம யூஸ் பண்ணது இது ஒண்ணுதான், மத்தபடி வண்டி, வீடு, ஃபோன், ஆசை எல்லாமே மாறிருச்சு.

நான் கோயம்புத்தூர்ல ஒரு சிஎன்சி ஷாப்ல (கம்ப்யூட்டர் மூலமா ஓடற மெஷின்ல பார்ட்ஸ் கடையற எடம்) ஆபரேட்டரா சேர்ந்த ஆளு. இந்த ஊர்ல லேத் பக்கம் நிக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே கனவுதான், சொந்தமா ஒரு மெஷினை போட்டு ஜாப் ஒர்க் எடுக்கணும், அதாவது மத்த கம்பெனிக்கு கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கணும். எனக்கும் அதேதான். அதுக்குன்னு சேர்க்கத்தான் கணக்கு ஆரம்பிச்சேன், மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம்னு போச்சு, ஓவர்டைம் பாத்த மாசம் கொஞ்சம் சேர்த்து. அப்போ வட்டி 8%, வருஷத்துக்கு 70,000 தான் போட முடியும். அப்புறம் லிமிட் ஒரு லட்சமாச்சு, 2014-ல ஒன்றரை லட்சம். வட்டி ஒரு கட்டத்துல 8.8 வரைக்கும் போய்ட்டு எறங்க ஆரம்பிச்சு, 2020 ஏப்ரல்ல 7.1-க்கு வந்துச்சு. அங்கயே உக்காந்திருச்சு.

எங்க செட்டுல நெறைய பேருக்குத் தெரியாதது ஒண்ணு, அஞ்சாம் தேதிக்குள்ள போட்டாத்தான் அந்த மாச வட்டி. ஆறாம் தேதி போட்டா அந்தப் பணத்துக்கு அந்த மாசம் போச்சு. சம்பளம் ஏழாம் தேதி வர்ற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இது ஒரு கடுப்பு.

2016-17 வாக்குல கூட வேலை செஞ்ச ஒருத்தன் "ஏனுங்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு மெஷின் வருது, பாதிக்குப் பாதி போட்டுக்கலாமா"ன்னு கேட்டான். நானும் ஆசையா பிபிஎஃப்ல இருந்து பணம் எடுக்கலாம்னு போனா, ஏழாவது வருஷத்துல இருந்து எடுக்கலாம்தான், ஆனா நாலு வருஷம் முந்தி இருந்த பேலன்ஸ், போன வருஷக் கடைசி பேலன்ஸ், இதுல எது கம்மியோ அதுல பாதிதான் தருவாங்க. எனக்கு அது மெஷினுக்கு வேண்டிய வெட்டற டூல்ஸுக்குக் கூட பத்தாது! செம கோவம் வந்துச்சு, என் காசை எனக்கே தர மாட்டேங்கறானேன்னு. அவன் வேற ஆளைப் புடிச்சு மெஷினைப் போட்டான், 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்து ஜாப் ஒர்க்குக்கு 18% ஆச்சு, அதை 12 ஆக்கறதுக்கு 2019 ஆயிருச்சு, அந்த ரெண்டு வருஷம் இஎம்ஐ கட்ட அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போ நல்லாத்தான் இருக்கான், மூணு மெஷின் ஓடுது. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணாலும் ஷாப்லதான் இருப்பான். நான் தப்பிச்சேன்னும் சொல்ல மாட்டேன், விட்டுட்டேன்னும் சொல்ல மாட்டேன், என்னோட ஆசை அதுக்கப்புறம் வேற பக்கம் போயிருச்சு, அவ்ளோதான்.

லாக்டவுன்ல பாதி சம்பளம் வந்தப்போ கொஞ்சம் எடுத்தோம், வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் அதுலதான் போச்சு. அப்போதான் அந்தப் பணத்தை வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி மொதலாளி கூப்பிட்டு பிளான்ட் இன்சார்ஜ் பாக்கறியா, சம்பளம் எட்டாயிரம் சேத்தி தர்றேன்னாரு. ஞாயித்துக்கெழமையும் வரணும், ஆள் வரலைன்னா நானே மெஷின்ல நிக்கணும். வேண்டாங்கன்னு சொல்லிட்டேன். இருபத்தஞ்சு வயசுல இருந்த நான் இதைக் கேட்டிருந்தா காறித் துப்பிருப்பேன். ஆனா பேங்க்ல கெடக்கற அந்தக் காசு இல்லாம அந்த "வேண்டாங்க" என் வாய்ல வந்திருக்காது.

குறை சொல்லணும்னா, ரிட்டர்ன். எங்க வீட்டம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க, 2010 ஜனவரில பவுன் பதினஞ்சாயிரம் கூட இல்ல, கணக்கு மெச்சூர் ஆன மாசம் எழுபதாயிரத்தைத் தாண்டிருச்சு. வாய் தொறக்க முடியல. ஆனா அவங்க நகை ரெண்டு தடவை அடகுக் கடைக்குப் போய் வந்ததையும் நாங்க ரெண்டு பேரும் மறக்கல, பிபிஎஃப்பை அடகு வைக்க எவனும் வாங்க மாட்டான்ல.

ஃபுல் லிமிட் 1.5 லட்சம் வருஷா வருஷம் போட்டா 7.1%-ல 15 வருஷத்துல 40 லட்சத்துக்கு மேல வரும், கட்டினது 22.5 லட்சம். என்னோடது அதுல கால்வாசி கூட வராது. வட்டிக்கு வரி இல்லைங்கறது நல்ல விஷயம், ஆனா புது வரி முறைக்குப் போயிட்டா போடற பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது. அதுக்காக மட்டும் போடறவங்க ஒரு தடவை யோசிங்க.

மெச்சூர் ஆனதும் நான் மூடல. ஒரு வருஷத்துக்குள்ள ஃபார்ம் 4 குடுத்தா அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம், நீட்டிக்கறப்போ இருக்கற பேலன்ஸ்ல 60% வரைக்கும் அந்த அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவை. ஃபார்ம் குடுக்காம சும்மா விட்டாலும் வட்டி வரும், ஆனா புதுசா பணம் போட முடியாது. நான் ஃபார்ம் குடுத்துட்டேன், இப்போ மாசம் ஆயிரம்தான் போடறேன். எதுக்குன்னு கேட்டா சட்டுனு பதில் இல்ல. நாமினி பேர்ல இன்னும் எங்கம்மா பேர்தான் இருக்கு, அதை மாத்த அடுத்த வாரம் பேங்க் போகணும்.